தோணிக்கடலும் கம்பெனிக்கடலும்

1970-களின் கடைசியில் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். காலையில் கதவைத் திறந்ததும் வத்தல் நெடி மூக்கில் ஏறும். பல்லாரி வெங்காய மூட்டை, பருப்பு, கருவாட்டுச் சிப்பம், கூரை ஓடு எல்லாம் மேடையில் அடுக்கிக் கிடக்கும். அதை ஒட்டித் தோணிகள் நிற்கும். தோணி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆற்றைக் கடக்கும் ஓடத்தை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்த் தோணி இருநூறு, முந்நூறு டன் ஏற்றுகிற கடற்கலம். ஊர் ஓடாவிகள் கரையிலேயே வைத்துக் கட்டியது. காற்று ஒத்துழைத்தால் ஒன்றரை நாளில் கொழும்பைப் பிடித்துவிடும். கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் பாயை இறக்கிவிட்டுக் கரையோடு ஒதுங்கிக் கிடக்கும்.

ஒரு தோணி கிளம்ப எத்தனை பேர் வேண்டும் என்பது அந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தோணி முதலாளி என்று ஒருவர் இருப்பார்; பல தோணிகளுக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று நாலைந்து பங்காளிகள். தோணியை ஓட்டுகிற தண்டல், அவருக்குக் கீழே ஏழெட்டுக் கப்பலாட்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வத்தல் கொண்டுவரும் தரகர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கோணி தைக்கிற பெண்கள், சுங்கத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலைகிற என்னைப் போன்ற பையன்கள். அக்கரையில், கொழும்புப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில், சரக்கை எடுத்துக்கொள்ளும் மொத்த வியாபாரி. அவர் தமிழராக இருப்பார், சோனகராக இருப்பார், சிங்களவராகவும் இருப்பார். விலையைக் கடிதத்திலும் தந்தியிலும் பேசிக்கொள்வார்கள். வங்கித் தாள் ஒருபக்கம் ஓடும், வாய்ச்சொல் இன்னொரு பக்கம் ஓடும். சரக்கை நகர்த்தியது பெரும்பாலும் வாய்ச்சொல்தான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான தண்டல். ஒருமுறை ஏதோ ஓர் அலுவலகத்தில் அனுமதித் தாள் வாரக்கணக்கில் கிடந்து, மேடையில் இருந்த பல்லாரி அழுகத் தொடங்கிவிட்டது. நான் பதறிக்கொண்டு நின்றேன். அவர் பாய்க்கயிற்றைப் பின்னிக்கொண்டே சொன்னார்: "ஏலே, நம்ம சரக்குக்கு டெல்லியில போயிப் பேச ஆள் கிடையாது. பேச ஆள் இருக்கிறவன் சரக்கு அழுவாது." அந்த வாக்கியத்தின் முழு ஆழம் எனக்கு எட்டுவதற்கு வெகுகாலம் ஆனது. ஒரு பிரதேசத்தின் வணிகம் எந்தக் கதவு வழியாகப் போகும், யாருக்காக அந்தக் கதவு திறக்கும், எப்போது மூடும் என்பதை அரசாங்கங்கள் எழுதுகின்றன. எழுதும்போது அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதுதான் என் வாழ்நாள் முழுக்க நான் பார்த்துவந்த விஷயம்.

அந்த நாட்கள் எல்லாருக்கும் நல்ல நாட்கள் என்று சொன்னால் அது பொய். 1970 முதல் 1977 வரை இலங்கையின் சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து விவசாயிகள் வெங்காயமும் மிளகாயும் போட்டு நிமிர்ந்தார்கள். கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1977-ல் ஜே. ஆர். ஜெயவர்தனா ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டுச் சரக்கு உள்ளே பாய்ந்தது. எங்கள் மேடையிலிருந்து போன வத்தலும் அதில் சேர்த்தி. எங்கள் கரைக்கு அது வேலை. சுன்னாகத்துக் கமக்காரனுக்கு அது விலை வீழ்ச்சி. கடல் இணைப்பு என்று பேசும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த விவசாயியிடமும் யாரும் கேட்கவில்லை, எங்கள் தண்டலிடமும் யாரும் கேட்கவில்லை.

இதற்கும் முந்தைய காலம் எங்கள் தெருவில் பேச்சாகவே உயிரோடு இருந்தது. தன் தகப்பனார் சுதேசிக் கப்பல் கம்பெனியில் 25 ரூபாய்ப் பங்கு ஒன்று வாங்கியதை ஒரு பெரியவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தூத்துக்குடி - கொழும்பு வழித்தடம் அன்று பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள். அடுத்த ஆண்டு 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன.

வெள்ளைக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். வியாபாரப் போட்டி அதோடு நின்றிருந்தால் அது வியாபாரப் போட்டிதான். ஆனால் கம்பெனிக்குப் பின்னால் கலெக்டர் விஞ்ச் நின்றார், தூத்துக்குடியில் ஆஷ் நின்றார். அவர்களுக்கு மேலே யார் நின்றார் என்பது பள்ளிக்கூடப் பாடத்தில் வராத பகுதி. அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நிர்வாக முகவர்களான மக்கின்னன் மக்கென்சியின் பெரும் பங்காளி ஜேம்ஸ் மக்கை. பிற்காலத்தில் இஞ்ச்கேப் பிரபு. 1897 முதல் 1911 வரை அவர் லண்டனில் இந்தியா கவுன்சில் உறுப்பினர். இந்தியாவை எப்படி ஆள்வது என்று அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் சபையில், இந்தியக் கடலில் கப்பல் ஓட்டுகிற கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருப் பெரியவரின் தகப்பனாரிடம் இருந்தது 25 ரூபாய்ப் பங்கு மட்டும்.

1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது, வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதை முன்னின்று நடத்தினார்கள். மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ. உ. சி.க்குக் கொடுத்த தண்டனை மொத்தம் 40 ஆண்டு. உயர்நீதிமன்றம் அதை 6 ஆண்டாகக் குறைத்தது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. குற்றப்பத்திரிகையில் இருந்தது ராஜத்துரோகம். எங்கள் ஊர் அதை நம்பவில்லை. கொழும்புக்குக் கப்பல் விட்டதுதான் குற்றம் என்று அன்றே ஊர் முடிவு கட்டிவிட்டது, அந்த முடிவை மாற்றிக்கொள்ள நூறு ஆண்டுகளில் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் ஆவணங்களைத் தோண்டி எழுதிய நூல்களைப் படித்தவர்களுக்கு இது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை என்பது விளங்கும்.

அந்த நீராவிக் கப்பல்களில் போனவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள். திருச்சி, சேலம், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களையும் இலங்கை மலைகளையும் ஒரே தொழிலாளர் சந்தையாக இணைத்தது தோட்டக் கம்பெனிகள்தான். அரசின் சட்டமும் தனிமைப்படுத்தும் முகாமும் அந்தத் தேவைக்கேற்ப அமைந்தன. 1948-ல் இலங்கை அந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தபோதும், 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தபோதும், அவர்களுக்காக எந்தக் கம்பெனி அறையிலும் நாற்காலி அசையவில்லை. ராமேசுவரத்தில் வந்திறங்கிய குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டி, ஒரு பாய், கம்பளிக்குள் சுருண்ட குழந்தை. எந்த ஊருக்குப் போவது என்று தெரியாத முகங்கள்.

1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் மேடை வெறிச்சோடியது. கொழும்பு வியாபாரிகள் சிலரின் கடைகள் எரிந்தன, சிலர் கனடாவுக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ராமேசுவரம் - தலைமன்னார்க் கப்பலும் நின்றது. கடல் முழுக்கக் கடற்படை. தோணிகள் மாலத்தீவுப் பக்கம் திரும்பின.

1985 டிசம்பரில் டாக்காவில் தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு பிறந்தது. அந்தச் செய்தியை அலுவலகத்தில் சத்தமாக வாசித்தவன் நான். அதே ஆண்டு ஐரோப்பாவில் நடந்ததைப் பிற்பாடு படித்தபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1983-ல் வோல்வோவின் பெர் கில்லன்ஹாமர் முன்னெடுத்து, ஐரோப்பாவின் பெரும் தொழிலதிபர்கள் ஒரு வட்டமேசை அமைத்தார்கள். 1985 ஜனவரியில் பிலிப்ஸ் தலைவர் விஸ்ஸே டெக்கர் 'ஐரோப்பா 1990' என்ற திட்டத்தைப் பிரஸ்ஸல்ஸில் வைத்தார். எல்லையில் லாரி நிற்கக் கூடாது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனித் தரம் கூடாது என்பது அதன் சாரம். ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஏறத்தாழ அதே பாதையில் நடந்தது, 1992 இறுதி என்று நாளும் குறித்தது. கம்பெனிகளுக்குப் பெரிய சந்தை தேவைப்பட்டது, சந்தை பெரிதானது. தெற்காசியாவில் அன்றைய பெரும் முதலாளிகளுக்கு உரிமங்களுக்கும் உயர்ந்த சுங்கவரிக்கும் பின்னால் பாதுகாப்பான வீட்டுச் சந்தை இருந்தது. அண்டை நாடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சார்க் கூடியது, படம் எடுத்துக்கொண்டது, கலைந்தது. வணிகச் சலுகை பற்றிய முதல் ஒப்பந்தம் வர 1993 ஆனது. இன்றும் தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 விழுக்காடுதான்; ஆசியான் நாடுகளில் அது 20 விழுக்காட்டுக்கு மேல். பகை, எல்லைச் சண்டை என்று ஆயிரம் காரணம் சொல்கிறோம். பெரிய கைகளுக்கு ஆர்வம் இல்லாததும் ஒரு காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆர்வம் பிறந்தபோது என்ன ஆனது என்பதற்கு 1998 டிசம்பர் 28-ல் வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட இந்திய - இலங்கைச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நல்ல சாட்சி. 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். பழைய நாட்கள் திரும்பும் என்று எல்லாரும் நினைத்தோம். பிறகு அட்டவணைகளை உட்கார்ந்து படித்தேன். இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரைதான் சலுகை. ஆடைக்கு 80 லட்சம் உருப்படிகள்; அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்திருக்க வேண்டும். தேயிலையைச் சலுகையோடு இறக்கத் தொடக்கத்தில் அனுமதித்த துறைமுகங்கள் கொச்சியும் கொல்கத்தாவும். கொழும்புக்கு நேர் எதிரே, ஒன்றரை நாள் பாயில் தொடும் தூரத்தில் இருக்கிற தூத்துக்குடி அந்த வரியில் இல்லை. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் பயந்தார்கள், பேசினார்கள், அவர்கள் பயத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் கிடைத்தது. துணி ஆலைகள் பேசின, அவற்றுக்கும் இடம் கிடைத்தது. நாங்கள் பேசவில்லை. எங்களைக் கூப்பிடவும் இல்லை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு தோணிக்காரனால் ஆகாது. கணக்கர் படையும் வக்கீல் படையும் வேண்டும். பாமாயிலுக்கு இந்தியா அன்று மிக உயர்ந்த வரி போட்டிருந்தது, இலங்கையில் வரி குறைவு. ஆகவே இந்திய முதலீட்டாளர்கள் இலங்கையில் வனஸ்பதி ஆலை வைத்தார்கள். வெளிநாட்டுப் பாமாயிலை அங்கே இறக்கி, கெட்டியாக்கி, இலங்கைப் பொருள் என்ற சான்றோடு வரியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். செம்பிலும் இதே வழி. 2000-ல் 6 கோடி டாலருக்குக் கீழே இருந்த இலங்கையின் இந்திய ஏற்றுமதி 2005-ல் 50 கோடி டாலரைத் தாண்டியது. இரு நாட்டு அமைச்சர்களும் அந்த எண்ணை மேடைக்கு மேடை சொன்னார்கள். அதில் ஏறத்தாழ பாதி இந்த இரண்டு சரக்குதான் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை.

பிறகு இந்தியாவில் இருந்த வனஸ்பதி ஆலைகள் குரல் எழுப்பின. இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு போட்டது, வரி வித்தியாசமும் கரைந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கதவைத் திறக்கச் சொன்னவர்களும் பெரியவர்கள், மூடச் சொன்னவர்களும் பெரியவர்கள். நடுவில் வேலை போனது களனிப் பக்கத்துத் தொழிலாளிக்கு. இலங்கைக்காரர்கள் மனத்தில் ஒன்று ஆழமாகப் பதிந்துவிட்டது: இந்தியாவோடு கையெழுத்துப் போட்டால் கடைசியில் இந்தியக் கம்பெனிதான் எழுதும். 2008-ல் அடுத்த கட்டமான விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் பேசி முடித்து, கொழும்பு சார்க் மாநாட்டின்போது கையெழுத்தாகும் என்று எதிர்பார்த்தார்கள். இலங்கைத் தொழிலதிபர்களில் ஒரு பிரிவினர் குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்சவிடம் எதிர்ப்புச் சொன்னார்கள், கையெழுத்து நின்றுபோனது. அங்கும் நிறுத்தியது பெரிய கைதான். புறக்கோட்டை மூட்டைத் தொழிலாளியின் எதிர்ப்பால் எந்த ஒப்பந்தமும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

மூட்டைத் தொழிலாளி இல்லை, துறைமுகத் தொழிலாளி ஒருமுறை நிறுத்தினார். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பான், இலங்கை சேர்ந்து வளர்ப்பது என்று 2019 மே மாதம் உடன்பாடு ஆனது. இந்தியா தரப்பில் வந்தது அதானி குழுமம். துறைமுகச் சங்கங்கள் கிளர்ந்து எழுந்தன. 2021 பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கை அந்த உடன்பாட்டைக் கைவிட்டது. ஒரு மாதம் போனது. மார்ச் தொடக்கத்தில் அதே துறைமுகத்தின் மேற்கு முனையம் அதானிக்கும் இலங்கைக் கம்பெனியான ஜான் கீல்ஸுக்கும் என்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிழக்கில் அரசிடம் 51 விழுக்காடு இருந்திருக்கும். மேற்கில் அதானிக்கு 51, ஜான் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகார சபைக்கு 15. முப்பத்தைந்து ஆண்டுக் குத்தகை. அதானியை இந்தியா முன்மொழிந்தது என்று கொழும்பு சொன்னது. இலங்கையே முதலீட்டாளரோடு நேரடியாகப் பேசிக்கொண்டது என்று டெல்லி சொன்னது. ஒரு நாட்டின் கடல்வாசலை முப்பத்தைந்து ஆண்டுக்குக் கொடுக்கிற முடிவில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதற்கே இரண்டு பதில்கள்.

முனையம் 2025 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. அண்மையில் கொழும்பு போனபோது காலிமுகத் திடலிலிருந்து அந்தப் பாரந்தூக்கிகளை நின்று பார்த்தேன். 1,400 மீட்டர் நீள மேடை, 20 மீட்டர் ஆழம், ஆண்டுக்கு 32 லட்சம் பெட்டிகள் கையாளும் திறன். என் காலத்தில் தோணி நின்ற மேடைக்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது, பிரமித்துத்தான் நின்றேன். இதைத் தோணிக்காரர்கள் சேர்ந்து கட்டியிருக்க முடியாது. பெரிய மூலதனம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே சீன அரசின் சைனா மெர்ச்சன்ட்ஸ் நடத்தும் முனையம், 2013 முதல். அந்தக் கம்பெனி 1872-ல் நீராவிக் கப்பல் நிறுவனமாகப் பிறந்தது; வ. உ. சி. பிறந்த ஆண்டும் அதுதான்.

கொழும்பில் கப்பல் மாறுகிற பெட்டிகளில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. தூத்துக்குடியிலிருந்து சிறிய கப்பலில் போய் அங்கே பெரிய கப்பலில் ஏறும். அந்தச் சரக்கை இந்தியாவிலேயே பிடித்துவைக்கக் கட்டியது விழிஞ்ஞம் துறைமுகம். அதை நடத்துவதும் அதானி. காரைக்கால், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் எண்ணூரின் பெட்டி முனையமும் அதே கையில். கொழும்பா விழிஞ்ஞமா என்று இரண்டு நாடுகள் போட்டியிடுவதாக நாளிதழ்கள் எழுதுகின்றன. இரண்டு வாசலிலும் ஒரே காவல்காரர் நிற்கிறார். நாளை எந்தக் கப்பல் எங்கே போகும் என்பதில் இரு அரசுகளின் கொள்கை எவ்வளவு, ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கு எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மன்னாருக்குப் போனால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை, 44.2 கோடி டாலர் முதலீடு என்று அதானி கிரீன் வந்தது. போட்டி ஏலம் இல்லை. 2022 ஜூன் 9-ல் இலங்கை நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, கட்டாயப் போட்டி ஏலத்தை எடுத்துவிட்டது. மறுநாள் மின்சார சபைத் தலைவர் பெர்டினாண்டோ நாடாளுமன்றக் குழு முன் ஒன்றைச் சொன்னார்: இந்தத் திட்டத்தை அதானிக்குக் கொடுக்கும்படி பிரதமர் மோடி வற்புறுத்துவதாக அன்றைய குடியரசுத் தலைவர் கோத்தபய ராஜபக்ச தன்னிடம் சொன்னார் என்று. கோத்தபய மறுத்தார். பெர்டினாண்டோவும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார், பதவியை விட்டும் போனார். ஊரே அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மாதம் அது.

அதன்பின் ஒரு யூனிட் 8.26 அமெரிக்க சென்ட் என்று இருபது ஆண்டுக்கு விலை பேசினார்கள். மன்னார் வலசைப் பறவைகளின் வாசல். சூழலியல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அநுர குமார திசாநாயக்க அரசு விலையை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியதும், 2025 பிப்ரவரியில் அதானி கிரீன் விலகிக்கொள்வதாக எழுதியது. எனக்குத் தெரிந்த ஒரு மன்னார் மீனவர் தொலைபேசியில் சொன்னார்: "அண்ணே, காத்தாடி வேண்டாமெண்டு நாங்க சொல்லேல்ல. எங்கட கரையில எங்க நடுறதெண்டு எங்களிட்டயும் கேளுங்கோ எண்டுதான் சொன்னனாங்க." காற்றாலை மின்சாரம் இரண்டு நாட்டுக்கும் தேவை, சந்தேகமே இல்லை. ஏலம் வைத்து, கரையோர மக்களிடம் பேசி, விலையைத் திறந்து வைத்திருந்தால் இந்நேரம் மின்சாரம் ஓடியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். மறைவாகப் பேசி எழுப்பிய இணைப்பு அரசு மாறியதும் சரிந்தது.

வங்காளதேசத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஜார்க்கண்டின் கொட்டாவில் அதானியின் 1,600 மெகாவாட் அனல் மின்நிலையம், மொத்த மின்சாரமும் வங்காளதேசத்துக்கு. 2017-ல் 25 ஆண்டு ஒப்பந்தம். தெற்காசிய எரிசக்தி இணைப்புக்கு முன்மாதிரி என்று பேசப்பட்டது. 2024 ஆகஸ்ட் 5-ல் அந்நாட்டுப் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். ஆகஸ்ட் 12-ல் இந்திய அரசு விதியைத் திருத்தியது: அப்படிப்பட்ட நிலையங்கள் இனி இந்தியாவுக்குள்ளும் விற்கலாம். ஒரே வாரத்தில். பல்லாரி அழுகிக் கிடந்த மேடையில் அந்தத் தண்டல் சொன்னதை இங்கே நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

எங்கள் பழைய துறைமுகத்தில் இன்னமும் தோணிகள் நிற்கின்றன. பாய் போய் எஞ்சின் வந்துவிட்டது. பெரும்பாலும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, சிமெண்ட், ஜல்லி, ஓடு ஏற்றிப் போகின்றன. கொழும்புக்குப் போவது அருகிவிட்டது. சரக்கு பெட்டிக்குள் போய்விட்டது, பெட்டிக்கு உரியவர் வேறு. ஓடாவிகளின் பிள்ளைகள் மரத்தில் கை வைப்பதில்லை, வளைகுடா நாடுகளில் வெல்டிங் செய்கிறார்கள். ஜோ டி குரூஸ் தன் 'கொற்கை' நாவலில் இந்த உலகத்தைப் பத்திரமாக எழுதி வைத்தது எங்கள் ஊருக்குச் செய்த பெரிய உதவி. பயணிகள் கப்பலின் கதை இன்னும் சுருக்கம். 2011-ல் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் ஆரவாரமாகத் தொடங்கி அதே ஆண்டில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகு தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கையில் எடுத்துப் போகும் சாமானுக்கு எடைக் கட்டுப்பாடு. முப்பத்தைந்து ஆண்டுக் குத்தகை கொடுக்கத் தெரிந்த இரண்டு அரசுகளுக்கு, ஒரு படகை ஆண்டு முழுக்க ஓட்டத் தெரியவில்லை என்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மனம் இல்லை.

இப்போது மறுபடி ஓர் ஒப்பந்தம் பேச்சில் இருக்கிறது: எட்கா என்கிற பொருளாதார, தொழில்நுட்பக் கூட்டு ஒப்பந்தம். 2016-ல் தொடங்கி, 2018-ல் நின்று, 2023-ல் மீண்டும் தொடங்கியது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமநாதபுரத்தில் இருக்கிறவர்களுக்கும், யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பில் இருக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். கையெழுத்துக்கு முன்பே அதன் வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வெளியிடும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். பேச்சு நடக்கும் அறைக்குள் எந்தெந்தக் கம்பெனிப் பிரதிநிதிகள் வந்து போனார்கள் என்ற பதிவைக் கேளுங்கள். துறைமுகமோ காற்றாலையோ மின்கம்பியோ, ஏலம் இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தோணி உரிமையாளர் சங்கத்துக்கும், இரு கரை மீனவர்களுக்கும், யாழ்ப்பாணத்து வெங்காய விவசாயிக்கும், துறைமுகத் தொழிலாளிக்கும் அந்த மேசையில் நாற்காலி கேளுங்கள். கொழும்பிலும் காங்கேசன்துறையிலும் மரத்தோணிக்கு என்று ஒரு மேடை ஒதுக்கச் சொல்லுங்கள். நாளைக்கே சரக்கு ஏற்ற எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.